வீட்டோடு மாப்பிள்ளைக் குரங்கின் ரத்தம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை பேசத் தெரிந்திருந்தால் நான் துறைத் தலைவராகி ஓய்வு பெற்றிருப்பேன். குரங்குகளின் ரத்தத்தை உறிஞ்சியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். முதுகுவலி, முன்கோபம், மேலதிகாரிகளைக் கண்டாலே வரும் அரிப்பு, இவற்றைக் காரணம் காட்டி ஐம்பதைத் தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காரணங்களை விண்ணப்பத்தில் கொஞ்சம் நாகரிகமாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றிச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. மயக்க ஊசி எப்படிப் போடுவது, குழாயை எப்படிச் சுழற்றுவது, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வித்தை பதறுவது. அதில் என்னை மிஞ்ச இந்தத் துறையில் ஆள் கிடையாது. ஆகவே நான் பதறியதிலேயே பெரிய பதற்றத்தைச் சொல்கிறேன். ஒரு வாட்ச்மேனின் கைக்குழந்தை பிழைக்குமா, பிழைக்காதா என்று நின்ற பகல் அது. குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் நான் பாராட்டு விழாவுக்கு என்ன சட்டை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், விருதுநகர் மாவட்டத்து நாட்டுக்குரங்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, ரத்தம் எடுத்து, விட்டுக்கொண்டிருந்தோம். ரத்தத்தில் இருக்கும் நொதிகள் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் எப்படி வேறுபடுகின்றன, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு எது போகிறது என்று பார்ப்பது வேலை. இதை நான் விளக்கும்போதெல்லாம் சொந்தக்காரர்கள், "அப்போ நீங்க குரங்குக்கு ஜாதகம் பாக்கீக" என்பார்கள். தப்பு சொல்ல முடியாது. யார் யாருடைய பிள்ளை, எந்த வம்சத்தில் என்ன குறை என்று பார்ப்பதுதானே நம் பிழைப்பு.

இருக்கன்குடிக் கோயில் குரங்குகளை முடித்தாயிற்று. வெம்பக்கோட்டை அணைப் பக்கத்துக் கூட்டத்தையும் முடித்தாயிற்று. கடைசியாக நாரணாபுரத்தைத் தாண்டி, ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலியோரம் வாழ்ந்த கூட்டத்துக்கு வந்தோம். கம்பெனி முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். அனுமதி கேட்கப் போனேன். போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மருந்து கலக்கும் அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் நிலைப்பக்கம் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகிறார்கள். எனக்குத் தும்மல் வந்தது. தும்மலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் தகட்டுல கை வச்சிட்டுத்தான் உள்ள போறாக. இந்தக் கொரங்குக மட்டும் வைக்க மாட்டேங்குதுக. என்னைக்காச்சும் ஒன்னு உள்ள பூந்துச்சுன்னா என்னாகும்? நீங்க ரத்தம் எடுப்பீகளோ, சதை எடுப்பீகளோ, போகும்போது அதுகளையும் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். கூட்டிக்கொண்டு போவது எங்கள் வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. தும்மலை அடக்குவதிலேயே என் கவனம் இருந்தது.

வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடியில், வாட்ச்மேன் மாடசாமியின் வீட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டோம். நாங்கள் என்றால் நானும் செல்வராணியும். செல்வராணி எனக்கு அடுத்த நிலை விஞ்ஞானி, சாத்தூர்க்காரர். என்னைவிட நல்ல மூளை, என்னைவிட நீளமான வாய். மாடசாமியின் மனைவி முத்துலட்சுமி எங்களுக்கு வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர்களுக்குப் பிறந்து இரண்டு மாதமான ஆண் குழந்தை சேலைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் குடிக்கும் பிள்ளை.

முதல் நாளே மாடசாமி தூளியை விலக்கிப் பிள்ளையைக் காட்டினார். "பாருங்க சார், என்னைய உரிச்சு வச்சிருக்கான். பொறந்தப்போ அவ மாதிரி வெளுப்பா இருந்தான். இப்போ எங்க ஆளுக கலருக்கு வந்துட்டான்."

"பெருமைய பாரு" என்றாள் முத்துலட்சுமி. "கருக்கருன்னு ஆயிட்டு வாரான்னு நானே கவலையில இருக்கேன்."

மாடசாமி என்னிடம் திரும்பி, "நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்க சார். கலரு அப்பன் வழிதான?" என்றார்.

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நிறம் வம்சத்துல வர்றதுதான்" என்று விஞ்ஞானத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். மாடசாமிக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குக் கூடுதலாக ஒரு டீ கிடைத்தது.

மறுநாள் காலையில் கூண்டில் விழுந்தது ஒரு கிழட்டுப் பெண்குரங்கு. மயக்கி, ரத்தம் எடுத்தேன். ஊசிக்குழாயில் ஏறிய ரத்தத்தைப் பார்த்ததும் செல்வராணி, "சார், இது ரத்தமா, கருப்பட்டிக் காப்பியா?" என்றார்.

உண்மையிலேயே அந்த நிறம்தான். ரத்த நாளத்திலிருந்து எடுக்கும் ரத்தம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். காற்றுப் படும்படி குலுக்கினால் சிவந்துவிடும். இதை நான் குலுக்கினேன், குலுக்கினேன், கை வலித்தது. காப்பி காப்பியாகவே இருந்தது. அடுத்து அந்தக் கிழவியின் மகள் விழுந்தாள். அவளுக்கும் காப்பி. அவள் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த பேத்தியின் காதிலிருந்து ஒரு சொட்டு எடுத்தோம். அதுவும் காப்பி.

அம்மா, மகள், பேத்தி. என் தலைக்குள் நாதஸ்வரம் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. ரத்தத்தின் நிறத்தைக் காக்கும் நொதி பரம்பரையாகக் கெட்டுப்போன ஒரு குரங்கு வம்சம்! உலகத்தில் யாரும் பார்த்திராதது! அந்த நிமிடமே அதற்கு 'நாரணாபுரம் வகை' என்று பெயர் வைத்துவிட்டேன். மேடை, மைக், பொன்னாடை, எனக்கு எதிராகக் குறிப்பெழுதிய அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவது, எல்லாம் கண்ணில் ஓடியது.

"செல்வராணி, பட்டு ஜிப்பா போட்டா நல்லாருக்குமா?"

"எதுக்கு சார்?"

"பாராட்டு விழாவுக்கு."

"முதல்ல கைய கழுவுங்க சார். ஜிப்பாவெல்லாம் பெறகு பாப்போம்."

இந்தத் தொழிலில் நமக்கென்றே ஒரு வியாதி உண்டு. தையல்காரன் எதைப் பார்த்தாலும் அளவெடுப்பான் இல்லையா, அதுபோல நாம் எதைப் பார்த்தாலும் வம்சம் தேடுவோம். ஒரு குடும்பத்தில் மூன்று பேர் இருமினால் ஊர்க்காரன் வீட்டில் புகை இருக்கிறதா என்று பார்ப்பான். நாம் மூன்று பேரின் தாத்தாவைத் தேடுவோம்.

மதியத்துக்கு முன்னால் நாலாவது குரங்கு விழுந்தது. ஆண். மயக்கித் திருப்பிப் போட்டதும் எனக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. பாதி கிழிந்த இடது காது. உள்தொடையில் நானே கோணலாகப் பச்சை குத்திய எண். அதற்கு முந்தின ஆடியில் இருக்கன்குடியில் பிடித்து ரத்தம் எடுத்து விட்டவன். போகிறபோது என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறியவன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தக் குரங்குகளில் பெண் பிறந்த இடத்திலேயே இருந்துவிடும். ஆண்தான் வயது வந்ததும் வேறு கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேரும். அப்படி வந்து சேர்பவனை நாங்கள் வீட்டோடு மாப்பிள்ளை என்போம். இவன் கோயில் பொங்கலையும் தேங்காயையும் விட்டுவிட்டு இங்கே மாப்பிள்ளையாக வந்திருக்கிறான்.

"வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றினேன். குழாயில் ஏறியது கருப்பட்டிக் காப்பி.

நாதஸ்வரம் நின்றுவிட்டது.

ஆடியில் இவன் ரத்தம் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் வெள்ளைச் சட்டையில் சிந்தி, குங்குமத்தைக் கொட்டியது போல் ஆகி, அதை வைத்து வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கியிருந்தேன். அப்போது சிவப்பு, இப்போது காப்பி. பெண் எடுத்ததற்காக மாமியார் வீட்டுப் பரம்பரைக் கோளாறு மாப்பிள்ளைக்குத் தொற்றுமா? இடம் மாறினால் மரபணு மாறுமா? வம்சம் இல்லை. இவன் இங்கே வந்த பிறகு எதையோ தின்றிருக்கிறான், அல்லது குடித்திருக்கிறான்.

செல்வராணி என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலிப் பக்கம் திரும்பினோம்.

வேலியை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி. வெடியுப்புச் சலித்த சல்லடைகளையும் தட்டுகளையும் அதில்தான் அலசுவார்கள். பட்டாசுக்கு மூலச்சரக்கே வெடியுப்புதான். தொட்டியில் பச்சைப்பாசி படிந்த தண்ணீர். சுவரில் நீளமாக ஒரு விரிசல். தொட்டியின் விளிம்பில் கிழவியின் இன்னொரு பேரன் உட்கார்ந்து, குனிந்து, சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். விரிசலுக்கு நேர் கீழே ஈரம் கசிந்து போய் முடிகிற இடத்தில் ஒரு கிணறு. கிணற்றில் வாளியைப் போட்டு இறைத்துக்கொண்டிருந்தாள் முத்துலட்சுமி.

கிணற்றடிக்கு ஓடினேன். "இந்தத் தண்ணியவாம்மா குடிக்கீக?"

"நாங்க குடிக்க மாட்டோம் சார், லேசாக் கரிக்கும். எங்களுக்கு லாரித் தண்ணிதான். அது கலங்கலா வருது. இது பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு. அதனால பிள்ளைக்கு மட்டும் இதுலதான் பால் கலக்குறது. சும்மா இல்ல சார், நர்ஸம்மா சொன்னாகன்னு நல்லாச் சுண்டக் காய்ச்சித்தான் கலக்குவேன்."

கிருமி காய்ச்சினால் சாகும். உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக உப்பு இன்னும் கெட்டியாகத்தான் தங்கும். அந்தத் தாய் எவ்வளவு அக்கறையாகக் காய்ச்சினாளோ, அவ்வளவுக்குப் பிள்ளையின் வயிற்றில் உப்பு கூடுதலாகப் போயிருக்கிறது.

"பிள்ளை எப்படி இருக்கான்?"

"காலையில இருந்து பாலே குடிக்கல சார். தூங்கிக்கிட்டே கெடக்கான். எழுப்புனாலும் அழ மாட்டேங்கான்."

தூளியை விலக்கினேன். அப்பன் நிறம் என்று நான் முத்திரை குத்திக் கொடுத்த நிறத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அது கறுப்பே இல்லை. சிலேட்டுப் பலகை நிறம். உதட்டிலும் நகத்திலும் அதே சிலேட்டு. மாடசாமி நல்ல கறுப்புதான், ஆனால் அவர் உதடு வெற்றிலை போட்டுச் சிவந்திருந்தது.

ரத்தம் ஓடுவதை நீங்கள் லாரி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சில் வரும் ஆக்சிஜன்தான் லோடு. வெடியுப்பு உள்ளே போனால் லாரிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறி, லோடு ஏற்றாமல் நின்றுவிடும். அவற்றைச் சரிபார்த்துத் திரும்ப ரோட்டில் விடும் மெக்கானிக்தான் நான் மாநாடு மாநாடாகப் பேசிய அந்த நொதி. பெரியவர்களுக்கு மெக்கானிக் முழுநேர ஆள். பச்சைக்குழந்தைக்கு அரைநேர ஆள்தான். குரங்குகள் தாக்குப்பிடித்தன. இவன் தாக்குப்பிடிக்க மாட்டான்.

நான் ஓடிப்போய் வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு கத்தினேன், "சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம்!"

"சார்" என்றார் செல்வராணி, ஜன்னலுக்கு வெளியே நின்று. "ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கு. நீங்க அங்கனயே இருங்க, நான் ஓட்டுறேன்."

மயக்கத்தில் இருக்கும் விலங்கைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது நம் விதி. மற்றவை தெளிந்து ஓடிவிட்டிருந்தன. மாப்பிள்ளையை மட்டும் கூண்டோடு பின்னால் ஏற்றினோம். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முத்துலட்சுமி, நடுவில் மாடசாமி. செல்வராணி வண்டியைச் சிவகாசிக்கு விரட்டினார். நான் வழியெல்லாம், "ஒன்னும் ஆகாது, ஒன்னும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "அதை நிறுத்துங்க சார், நீங்க சொல்லச் சொல்லத்தான் பயமா இருக்கு" என்றார் மாடசாமி.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது இளவயது டாக்டரம்மா ஒருவர். பிள்ளையைப் பார்த்ததுமே வாங்கி, மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டார். காலில் மாட்டிய கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் ஏறவில்லை. ஆக்சிஜனைக் கூட்டினார். அப்போதும் ஏறவில்லை. "இதயத்துல கோளாறா இருக்கலாம், மதுரைக்கு அனுப்பணும்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே புகுந்தேன். ரப்பர் பூட்ஸ், சட்டை முழுக்கக் குரங்கு வாடை.

"நீங்க யாரு?"

"டாக்டர். அதாவது, அந்த டாக்டர் இல்ல. ஆராய்ச்சி. குரங்குக்கு ரத்தம் எடுத்து, வைத்தியம் பாக்குறது இல்ல, நொதியோட மரபு வேறுபாடு..."

"சார், கொஞ்சம் வெளிய இருங்க."

என் தோளுக்குப் பின்னாலிருந்து செல்வராணியின் குரல் வந்தது. "மேடம், வெடியுப்பு எறங்குன கெணத்துத் தண்ணியிலதான் இந்தப் பிள்ளைக்குப் பால் கலக்கியிருக்காக. அங்கன தண்ணி குடிச்ச கொரங்குக ரத்தம் காப்பிக் கலர்ல இருக்கு. நாங்க இப்பத்தான் எடுத்துப் பாத்தோம்."

டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். ஒரு துண்டு பஞ்சுத்துணியை எடுத்து, பிள்ளையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு வைத்தார். "பக்கத்துல வைக்க ஒரு நல்ல ரத்தம் வேணும். கைய நீட்டுங்க சார்" என்றார் என்னிடம். நூற்றுக்கணக்கான குரங்குகளைக் குத்தியவன் விரலை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், துணியில் இரண்டு பொட்டுகள். என்னுடையது சிவப்பு. பிள்ளையுடையது காப்பி. காற்றில் வீசிப் பார்த்தார். காப்பி மாறவில்லை.

எனக்குப் பிறகு செல்வராணி பேசியதைக் கவனித்தீர்களா? அவர் தன் படிப்பைச் சொல்லவில்லை, பதவியைச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவருக்கு அந்த நிமிடம் எது தேவையோ அதை முதலில் சொன்னார். நான் என் நெஞ்சில் தொங்கிய பட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து இருக்கிறது. நீல நிற மருந்து. நரம்பில் ஏற்றினால் நின்ற லாரிகளை மளமளவென்று கிளப்பிவிடும். நர்ஸ் அதை எடுக்கப் போனார். டாக்டரம்மா அந்த இடைவெளியில் முத்துலட்சுமியிடம், "உங்க வீட்டுல யாருக்காச்சும் எந்த மாத்திரையாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு மலேரியா மாத்திரை குடுத்தாக. ஒன்னுக்கு கரேல்னு போயி, கண்ணெல்லாம் மஞ்சளாயி, செத்துப் பொழச்சான்."

டாக்டரம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த நீல மருந்து வேலை செய்ய ரத்தத்தில் இன்னொரு நொதி இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்தால், லாரி கிளம்பாது, நொறுங்கிவிடும். அந்தக் குறை அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. தாய்மாமன் சீராகக் காதுகுத்துக்குத் தங்கம் வரும், மொட்டை போட மடி வரும். சில வீடுகளில் இதுவும் வரும், வராமலும் போகும்.

"டெஸ்ட் மதுரைக்கு அனுப்பித்தான் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது. "அதுவரைக்கும் பிள்ளை தாங்காது."

"வண்டியில இருக்கு" என்றேன்.

"என்னது?"

"அந்த டெஸ்ட். கொரங்குகளுக்கு அதைத்தான் செய்றோம். சரக்கு என்னமோ மனுஷனுக்காகத் தயாரிச்சதுதான். நாங்கதான் கொரங்குக்குப் பயன்படுத்துறோம்."

ஓடினேன். டெஸ்ட் சரக்கு வைத்த ஐஸ்பெட்டி கூண்டுக்குப் பின்னால் இருந்தது. மாப்பிள்ளை தெளிந்து எழுந்து உட்கார்ந்து, உலகத்தில் உள்ள எல்லா மாப்பிள்ளைகளின் கோபத்தையும் முகத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அவன் கையெட்டும் தூரத்தில் ஊர்ந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு சட்டைக் கையை அவனிடம் விட்டுவிட்டு வந்தேன்.

பிள்ளையின் சொட்டு ஒன்று, ஒப்பிட என் சொட்டு ஒன்று. சோதனை மருந்தோடு கலந்து, கொஞ்சம் பொறுத்து, தாளில் பொட்டு வைத்து, ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். நொதி இருந்தால் பொட்டு மின்மினி போல ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு. இருட்டு வேண்டுமே? போர்வை, படுக்கை விரிப்பெல்லாம் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் நான், செல்வராணி, டாக்டரம்மா மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நுழைந்து கதவைச் சாத்தினோம்.

விளக்கைப் போட்டேன். பிள்ளையின் பொட்டு இருட்டு.

"குறை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மருந்து வேண்டாம். ஆம்புலன்ஸச் சொல்றேன்." கதவில் கை வைத்துவிட்டார்.

நான் பதறிப்போய் விளக்கை ஆட்டினேன். ஆட்டியதில் என் பொட்டின் மேலும் வெளிச்சம் விழுந்தது. அதுவும் இருட்டு.

"நில்லுங்க மேடம்! என்னோடதும் ஒளிரல."

"அப்போ உங்களுக்கும் குறை இருக்கா?"

"இல்ல. தினமும் என் ரத்தத்தை வச்சுத்தான் கொரங்குகளை ஒப்பிடுவேன். எப்பவும் ஒளிரும். பிள்ளையப் பத்தி இது ஒன்னுமே சொல்லல. டெஸ்ட்தான் கெட்டுப்போச்சு."

"சார், வெளிய பிள்ளைக்கு மூச்சு வாங்குது. இன்னொரு தடவ செய்ய நேரம் எடுக்கும். அதுவும் கெட்டுப்போனா?"

அவர் சொல்வதும் சரி. காத்திருந்தால் பிள்ளை போகலாம். காத்திருக்காமல் அனுப்பினால் வழியில் போகலாம். தப்பான முடிவை நம்பினால், பிழைக்க வைக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் விட்டவர்கள் ஆவோம். கையில் சோதனை மருந்துக் குழாய் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்புதான் எனக்குப் புத்தியைக் கொடுத்தது. ஐஸில் இருந்து எடுத்த கையோடு ரத்தத்தைக் கலந்திருக்கிறேன். இந்தச் சோதனை மருந்து உடம்புச் சூட்டுக்கு வராமல் வேலை செய்யாது.

சட்டையைத் தூக்கிக் குழாயை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டேன். குரங்கு வாடையும் வியர்வையும் கலந்த அந்தச் சின்ன அறையில் இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செல்வராணி, "சார், ஆராய்ச்சிக் கட்டுரையில இந்தப் பகுதிய எப்படி எழுதுவீக?" என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுபடி கலந்தோம். பொறுத்தோம். அந்தப் பொறுமையின் நீளத்தை நான் சொல்ல மாட்டேன். பொட்டு வைத்து விளக்கைப் போட்டேன். முதலில் என் பொட்டைத்தான் பார்த்தேன். நீலமாக ஒளிர்ந்தது. பிறகு பக்கத்தில் பார்த்தேன். அதுவும், அதே அளவுக்கு, அழகாக, வஞ்சகமில்லாமல் ஒளிர்ந்தது. தாய்மாமன் சீர் பிள்ளைக்கு வரவில்லை.

டாக்டரம்மா கதவைத் திறந்த வேகத்தில் இரண்டு தலையணைகள் என் தலையில் விழுந்தன.

மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் கருவியில் எண் நகர ஆரம்பித்தது. சிலேட்டு நிறம் உதட்டிலிருந்து முதலில் போனது. பிறகு நகத்திலிருந்து. பிள்ளை கண்ணைத் திறந்து, எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்து, பிடிக்காமல், வீறிட்டு அழுதான். முத்துலட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டி. பிள்ளையைக் கையில் வாங்கிக் கொஞ்சினார். பிள்ளை அவர் மடியில் ஒன்றுக்குப் போனது. வேட்டியில் பச்சையும் நீலமுமாக ஒரு கம்பி மத்தாப்பு விரிந்தது.

"ஏலே, என்னலே இது!" என்று அலறினார் அண்ணாச்சி.

"மருந்து வெளிய வருது, நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா.

வேட்டியைப் பிழிந்துகொண்டே அண்ணாச்சி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நடந்ததைச் சொன்னேன். முகம் மாறியது. "என்ன சார் பேசுறீக? எங்கய்யா வெட்டுன கெணறு. பன்னீர் கணக்கா தண்ணி. கொரங்கு ரத்தத்தப் பாத்துட்டு அத மூடுன்னு சொல்லுதீக. சீசன் நேரம். கெணத்துல விஷம்னு வெளிய பேச்சு வந்தா எனக்கு ஒரு ஆளு வேலைக்கு வருவானா?"

நொதி, வெடியுப்பு, கசிவு என்று ஆரம்பித்தால் அவர் பதிலுக்குப் பத்து சொல்வார். பேசுவதை விட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த பஞ்சுத்துணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தச் சிவப்பு என்னோடது. இந்தக் காப்பிக் கலரு, இப்போ உங்க வேட்டியில போனானே, அவனோடது. ரெண்டும் ஒரே நேரத்துல எடுத்தது."

அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் விரல் நகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஏலே, அலசுற தொட்டியில இன்னைக்கே தண்ணிய எறச்சுட்டு விரிசலப் பூசி, மேல மூடியும் போடு. ஆமா, இன்னைக்கேதான். லோடு நாளைக்கு ஏத்திக்கலாம். கெணத்து மேல பலகை போட்டு மூடி, வாளி கயித்தயும் எடுத்துரு. வாட்ச்மேன் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணி ஒரு டேங்கர் தனியாச் சொல்லு. கலங்கல் வந்துச்சுன்னா லாரிக்காரன என்கிட்ட அனுப்பு."

போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். வாசலில் முத்துலட்சுமி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"அண்ணாச்சி, வேலிக்கு வெளிய ஒரு தொட்டி வச்சு அதுலயும் அந்தத் தண்ணிய ஊத்தச் சொல்லுங்க" என்றாள். "கெணத்தையும் தொட்டியையும் மூடிட்டா கொரங்குக எங்க போகும்? அதுகளுக்கும் கைப்பிள்ளைக இருக்குல்லா."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பச்சை பூத்த வேட்டியைப் பார்த்தார். பையில் போட்ட போனை மறுபடி வெளியே எடுத்தார்.

"ஏலே, ரெண்டு டேங்கராச் சொல்லு."